'இஃப் ஐ வேர் யூ': அந்த 'வேர்' எங்கேயிருந்து வந்தது?

ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்'. ஸ்கூல்ல இப்படித்தான் மனப்பாடம் பண்ணினோம். திடீர்னு ஒருநாள் டீச்சர் போர்டுல 'இஃப் ஐ வேர் எ பேர்ட்'னு எழுதுவாங்க. ஒரே ஆள்தானே, ஏன் பன்மை? கேட்டா, "அது விதிவிலக்கு, எழுதிக்கோ" என்பாங்க.

அது விதிவிலக்கும் இல்லை, பன்மையும் இல்லை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், நடந்ததைச் சொல்ல ஒரு வினைவடிவம் இருந்தது. ஆசை, வேண்டுதல், கற்பனைக்கு வேறொரு வடிவம். இந்த இரண்டாவதுதான் சப்ஜங்டிவ். அதில் ஒருமைக்கே 'வேரே' மாதிரி ஒரு சொல் இருந்தது. 'இஃப் ஐ வேர்' அந்தப் பழைய ஒருமையோட வாரிசு.

மற்ற வடிவங்கள் என்ன ஆச்சு? வினையோட கடைசி அசையை அழுத்தாமல் பேசிப் பேசி, இடைக்கால ஆங்கிலத்தில் விகுதிகள் தேய்ந்துபோச்சு. இரண்டு வகையும் ஒரே மாதிரி ஒலிக்க ஆரம்பிச்சது. சில இடங்கள்தான் தப்பிச்சது. 'காட் சேவ் த கிங்' பாருங்க, 'சேவ்ஸ்' கிடையாது. கடவுள் காப்பாத்துறார்ங்கிற தகவல் இல்லை அது, காப்பாற்றட்டும்ங்கிற வேண்டுதல். நம்ம 'வாழ்க' என்கிற வியங்கோள் மாதிரி.

1926-ல் ஹென்றி ஃபௌலர் தன்னோட புகழ்பெற்ற ஆங்கில நடை அகராதியில், சில பயன்பாடுகள் தவிர சப்ஜங்டிவ் சாகும் நிலையில் இருக்குன்னு எழுதினார். ஆனால் அமெரிக்காவில் 'டிமாண்ட்', 'இன்சிஸ்ட்', 'ரெகமண்ட்' மாதிரி வினைகளுக்குப் பிறகு அது நல்லாவே வாழ்ந்தது. 'ஷுட்' போட்டே பழகின பிரிட்டனிலும் பிறகு கூடுச்சு.

இது வெறும் இலக்கணப் பெருமை இல்லை. சம்பளம் வராத ஒருத்தருக்காகக் கடிதம் எழுதுறீங்கன்னு வைங்க. 'வீ இன்சிஸ்ட் தட் ஹீ பி பெய்ட்' என்றால், அவருக்குச் சம்பளம் கொடுத்தாகணும். அந்த 'பி'யைப் பிழைன்னு நினைச்சு 'இஸ்' ஆக்கினா, 'அவருக்குச் சம்பளம் வந்துக்கிட்டுதான் இருக்கு'ன்னு நாமே அடிச்சுச் சொல்ற மாதிரியும் படிக்கலாம். கோரிக்கை தகவலா மாறிடும்.

அதுக்காக எல்லா 'இஃப்'புக்கும் 'வேர்' போட்டுடாதீங்க. 'நேத்து அவன் அங்கே இருந்திருந்தா பார்த்திருப்பான்; இருந்தானான்னு தெரியலை' என்கிற இடத்தில், அதாவது உண்மையிலேயே நடந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு, 'இஃப் ஹீ வாஸ் தேர்'தான் சரி. இல்லாததை இருக்கிறதா நினைச்சுப் பார்க்கும்போதுதான் 'வேர்'.