ஸ்லைடு இருக்கு, மெஷின் எங்கே?

மென்பொருள் எழுதறவனுக்கு நிரந்தரமா ஒரு பயம் உண்டு. ஃபைல் பத்திரமா இருக்கும், அதைத் திறக்கிற புரோகிராம் செத்துப் போயிருக்கும். ஃபிலிம் உலகத்திலும் இதே கூத்து நடந்திருக்குன்னு கோடாக்ரோம் வரலாற்றைப் படிச்சப்போதான் எனக்குத் தெரிஞ்சது.

கோடாக்ரோமைக் கண்டுபிடிச்ச லியோபோல்ட் மேன்ஸும் லியோபோல்ட் கோடாவ்ஸ்கி ஜூனியரும் இசைக்கலைஞர்கள். ஒருத்தர் பியானோ, இன்னொருத்தர் வயலின். கும்மிருட்டு லேபில் கடிகாரத்தை எங்கே பார்க்கறது? பிராம்ஸ் சிம்பனியை விசிலடிச்சே நேரத்தைக் கணக்குப் பண்ணுவாங்களாம் :-) 1935-ல் 16 எம்.எம். சினிமா ஃபிலிமாகவும், 1936-ல் 35 எம்.எம். ஸ்லைடாகவும் கோடாக்ரோம் வந்தது.

இதுல விசேஷம் என்னன்னா, ஃபிலிமுக்குள்ள சாயச்சரக்கே கிடையாது. மூணு கருப்பு வெள்ளை அடுக்குகள், அவ்வளவுதான். லேபில் கழுவும்போதுதான் கலர் ஏறும். அதனால இருட்டில் வெச்சா பல பத்தாண்டுகள் மங்காது. (1938-க்கு முந்தைய ஸ்லைடுகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.) 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசுக்காக எடுத்த சுமார் 1,600 கலர் படங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கு. பார்த்தா நேத்து எடுத்த மாதிரி தெரியும்.

ஸ்லைடு பிழைச்சது. அதைக் காகிதத்துக்குக் கொண்டு போற வழிகள்தான் ஒவ்வொண்ணா அடைபட்டது. வில்லியம் எகிள்ஸ்டன் 1976-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வெச்ச பிரிண்டுகள் 'டை டிரான்ஸ்ஃபர்' முறையில் போட்டவை. மூணு சாயத்தைத் தனித்தனியா ஒரே காகிதத்தில் ஒத்தி எடுக்கணும். அதுக்கான பொருட்களை கோடாக் 1990-களில் நிறுத்திட்டாங்க. ஸ்லைடிலிருந்து நேரா பிரிண்ட் போட 1963-ல் வந்த சிபாக்ரோமும் 2010-களின் தொடக்கத்தில் மறைஞ்சது. கோடாக்ரோம் தயாரிப்பு 2009-ல் நின்னுது. உலகத்திலேயே அதைக் கழுவின கடைசி லேப், கான்சாஸ் மாநிலத்து டுவெய்ன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-ஓட ரோல் வாங்கறதை நிறுத்திட்டாங்க.

சரி, ஸ்கேன் பண்ணிடலாமே? அங்கேயும் ஒரு வில்லங்கம். நல்ல ஃபிலிம் ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியை விட்டு தூசியைக் கண்டுபிடிக்கும். சாதாரண கலர் ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியைத் தடுக்காது, தூசி தடுக்கும். கோடாக்ரோம் சாயமோ கொஞ்சம் தடுக்கும். ஸ்கேனர் படத்தையே தூசின்னு நினைச்சு அழிச்சுடும்! அந்த வசதியை அணைச்சுட்டு, தூசியை முதல்லயே ஊதிட்டு ஸ்கேன் பண்றதுதான் நல்லது. நீலம் தூக்கலா வர்றதும் வழக்கம், அதைத் திருத்தணும்.

திருத்தறதுக்கு அளவுகோல் ஸ்லைடேதான். நெகட்டிவைப் பார்த்து சரியான கலர் எதுன்னு சொல்ல முடியாது. மங்காத ஸ்லைடை வெளிச்சத்தில் பிடிச்சா பதில் கையிலேயே இருக்கு. 4000 டி.பி.ஐ.யில் ஒரு 35 எம்.எம். ஸ்லைடு சுமார் 21 மெகாபிக்சல் தரும். பெரிய பிரிண்டுக்குத் தாராளம்.

ஒண்ணே ஒண்ணு, மக்களே. ஸ்கேன் முடிஞ்சதும் ஸ்லைடைக் குப்பையில் போட்டுடாதீங்க. என் கணக்கில் ஸ்கேனும் பிரிண்டும் வெறும் காப்பி. நாளைக்கு இதைவிட நல்ல மெஷின் வந்தா, அதுக்குக் கொடுக்க நம்மகிட்ட மூலம் இருக்கணும். புரொஜெக்டரில் அடிக்கடி போடாம, இருட்டா, ஈரமில்லாம, குளுமையா வெச்சாலே போதும்.