விலைபோன சிறுமியின் சாட்சியம்

தேவதாசி முறையை ஒழித்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டம் என்பது பாதி உண்மைதான். தாசி வீடுகளுக்குள் நடந்ததை ஊரறியச் சொல்ல, உள்ளேயே வளர்ந்த ஒருவர் முன்னதாகவே தேவைப்பட்டார். வறுமையில் பெற்றோர் பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் தாசி ஒருவரிடம் விட்டுப்போன சிறுமி, மூவலூர் ராமாமிர்தம். அந்த வடுதான் மேடைப் பேச்சாயிற்று. 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலாயிற்று. அது வெறும் பிரசாரம் என்பார்கள். இருக்கட்டும், வெளியார் உபதேசத்தில் இல்லாத வீட்டு விவரம் அதில் இருக்கிறது.

தேவதாசி மரபிலேயே வந்த இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் இந்த ஒழிப்புக்குக் காட்டிய எதிர்ப்பு கனமானது. கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்ற அவர்களது அச்சம் பொய்யல்ல. பெண்கள் சொத்து வைத்திருந்த அரிய மரபு அது. ஆனால் அந்தச் சொத்துக்காகக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டப்பட்ட குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ராமாமிர்தம் பேசியது அந்தக் குழந்தைக்காக.