பேணுவாரற்ற பிள்ளைமையும் புதினமும்

பேணுவாரற்ற பிள்ளையின் உள்ளத்தை ஆங்கிலப் புதினம் படிப்படியாகவே கண்டுகொண்டது எனலாம். சார்லஸ் டிக்கன்ஸ் படைத்த ஆலிவர் டுவிஸ்ட் (1837–39) ஏழையர் விடுதியில் பிறந்த அநாதை. பட்டினியும் அடியும் அவன் பண்பிலோ பேச்சிலோ வடு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவன்பால் இரக்கம் பிறக்கிறது. அவன் அகமோ புலனாவதில்லை.

1824இல் தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 12 வயதில், காலணிக் கறுப்பு மை தயாரிக்கும் கூடத்தில் உழைத்தவர் டிக்கன்ஸ். உலகறியச் சொல்லாத அத்துயரை 'டேவிட் காப்பர்ஃபீல்டு' (1849–50) புதினத்தில் கதையாக்கினார். மதிய உணவுக்குரிய காசைப் பழைய பலகாரத்தில் இழந்துவிடும் டேவிட், வழிகாட்டுவாரற்ற உண்மைச் சிறுவன்.

இளையோர் புதினத்தில் இம்மெய்ம்மையை மேலும் நுணுகிக் கண்டவர் அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா வோய்ட். 'ஹோம்கமிங்' (1981) புதினத்தில், நான்கு மக்களைக் காரில் இருத்திச் சென்ற தாய் திரும்புவதில்லை. அவள் கொடியவள் அல்லள், மனநோயுற்றவள். மூத்தவளான 13 வயது டைசி, காசை எண்ணி எண்ணித் தம்பியர்க்கும் தங்கைக்கும் உணவு தேடுகிறாள். 1983இல் நியூபெரிப் பதக்கம் பெற்ற 'டைசீஸ் சாங்' நூலில், பாட்டி வீட்டில் வாழும்போதும் அச்சுமையை அவளால் எளிதில் இறக்கிவைக்க இயலவில்லை.

அடைக்கலம் கிடைத்த பின்னும் நீங்காத அவ்விழிப்பே பேணாமையின் வடு. கண்ணீரைப் பெருக்கும் எழுத்து அதனைக் காண்பதில்லை. காசெண்ணும் சிறுவிரலை உற்றுநோக்கும் எழுத்தே காண்கிறது.