உலக முடிவின் அச்சமும் ஒரு போதகரின் எழுத்தும்

ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாப் பகுதியிலுள்ள ஊனா என்னும் சிறு நகரத்தில் 1597ஆம் ஆண்டு கொள்ளைநோய் புகுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்களில் 30 பேர் வரை அடக்கம் செய்யப்பட்டனர். குருமனைக்கு அருகிலேயே கல்லறைத் தோட்டம். முந்தின ஆண்டில்தான் அங்கே போதகராகப் பணியேற்றிருந்த பிலிப் நிக்கோலாய், குழிகள் வெட்டப்படுவதைத் தம் வீட்டிலிருந்தே காண வேண்டியவரானார்.

உலக முடிவு அணுகிவிட்டது என்னும் எண்ணம் அக்காலத்து லுத்தரன் சபைகளில் ஆழமாய் வேரூன்றியிருந்தது. லுத்தரே தம் காலத்தைக் கடைசிக் காலமெனக் கருதியவர். நிக்கோலாயும் இதற்கு விலக்கல்லர். கிறிஸ்துவின் ராஜ்யத்தைக் குறித்து அதே 1597இல் இலத்தீனில் அவர் வெளியிட்ட நூலில், தீர்க்கதரிசன எண்களைக் கணக்கிட்டு, 1670ஆம் ஆண்டளவில் முடிவு வருமென்று குறித்தார். ஆனால் வாசலில் சவங்கள் சென்றுகொண்டிருந்த நாள்களில் அவருக்குத் துணைநின்றது அக்கணக்கன்று.

அவர் நித்திய ஜீவனைப் பற்றித் தியானிக்கத் தொடங்கினார். அகுஸ்தீனின் 'தேவ நகரம்' நூலை வாசித்தார். தியானித்தவற்றை நாள்தோறும் எழுதினார். எழுத எழுத மனம் தேறியதென்று அவரே முன்னுரையில் சாட்சி பகருகிறார். தாம் மரித்தால் சமாதானத்தோடு சென்றமைக்கு அடையாளமாகவும், பிழைத்தால் நோயுற்ற பிறருக்கு ஆறுதலாகவும் அவ்வேடு இருக்கட்டும் என்பது அவர் கருத்து. 'ஆனந்தக் கண்ணாடி' எனப் பொருள்படும் பெயருடன் 1599இல் அது அச்சேறியது.

அந்நூலின் இறுதியிலுள்ள இரண்டு ஞானப்பாட்டுகளே இன்று உலகறிந்தவை. ஒன்று, 45ஆம் சங்கீதத்தைத் தழுவிய விடிவெள்ளிப் பாட்டு. அதன் ஏழு சரணங்களின் முதலெழுத்துகள், அவருடைய பழைய மாணாக்கரான இளம் பிரபுவின் பெயரையும் பட்டத்தையும் குறிப்பன. மரணம் சூழ்ந்த வேளையில் எழுத்தெண்ணிக்கொண்டிருந்தாரோ என்று சிலர் நகைக்கலாம். நாம் நகையோம். அலைபாயும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்த அத்தகைய சிறு கட்டுப்பாடும் உதவியிருக்கும்.

மற்றது, மத்தேயு 25ஆம் அதிகாரத்துக் கன்னிகைகளின் பாட்டு. உலக முடிவு என்றவுடன் அக்கினியும் கந்தகமுமே நம் நினைவுக்கு வரும். இப்பாட்டிலோ நள்ளிரவில் காவலாளர் கூவுகின்றனர், நகரம் விழிக்கிறது, மணவாளன் வருகிறார். ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை. 1670 கடந்து சென்றது. அவரது கணக்கை இன்று ஆராய்ச்சியாளரன்றி எவரும் தேடுவதில்லை. 1731இல் லைப்சிக்கில் பாக் தம் இசைப்படைப்பொன்றுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது கன்னிகைகளின் பாட்டையே. (இதே கரம் கால்வினிய சகோதரரைக் கடுஞ்சொற்களால் சாடியதையும் நாம் மறைக்கலாகாது.)

2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் நம் சபையார், "ஐயா, இது கடைசிக் காலந்தானா?" என்று வினவினர். நாம் வசனங்களை எடுத்துரைத்தோம். எழுதிப் பாருங்கள் என்று ஒருவரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு வாலிபர் தாமாகவே பழைய கணக்குப் புத்தகத்தின் பின்தாள்களில் சில கீர்த்தனைகள் எழுதிக் கொணர்ந்தார். நாம் யாப்புப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தனுப்பினோம். அவற்றை எந்த இரவில், எதற்காக எழுதினார் என்று கேட்டோமில்லை.