ஆராய்ச்சி மணி முதல் பேனிக் பட்டன் வரை

மதுரைக்காரங்களுக்குக் கண்ணகி கதையை யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஆனா வழக்குரை காதையில ஒரு சின்ன விஷயத்தை நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க. 'யாரம்மா நீ?'ன்னு பாண்டியன் கேட்டதும், தன் ஊர்ப் பெருமையா கண்ணகி ரெண்டு சோழர்களை எடுத்து விடுறா. ஒருத்தன் புறாவுக்காக உடம்பைக் கொடுத்தவன். இன்னொருத்தன், வாசல்ல பசு மணியடிச்சதைக் கேட்டு, கன்னுக்குட்டியைக் கொன்ன தன் மகனையே தேர்க்கால்ல பலி கொடுத்தவன். எனக்குத் தெரிஞ்சு நம்ம இலக்கியத்தோட முதல் பேனிக் பட்டன் அந்த மணிதான் :-)

ஜஹாங்கீரும் இதையே செஞ்சார். 1605ல பட்டத்துக்கு வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, ஆக்ரா கோட்டையில இருந்து யமுனைக் கரை வரைக்கும் 60 மணிகள் கோர்த்த தங்கச் சங்கிலி கட்டணும்கிறதுதான். அவரே எழுதி வச்சிருக்கார்.

ஆனா பாருங்க, ரெண்டுமே புகார் மணி. கன்னு செத்த அப்புறம்தான் பசு மணியடிக்குது. ஆபத்து நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஆளைக் கூப்பிடுறது வேற விஷயம். அதுக்கு மின்சாரம் வர வேண்டியிருந்தது. 1853ல அகஸ்டஸ் போப்னு ஒரு அமெரிக்கர் கதவைத் திறந்தா மணியடிக்கிற மின் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். எட்வின் ஹோம்ஸ் அதை விலைக்கு வாங்கிப் பெரிய வியாபாரம் ஆக்கினார். அப்புறம்தான் பேங்க் கேஷியர் மேஜைக்கு அடியில கால் பட்டன். இதுல புத்திசாலித்தனமே சத்தம் வராததுதான். துப்பாக்கி வச்சிருக்கிறவன் எதிர்ல நிக்கும்போது மணியடிச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

இனி நம்ம ஏரியா. 1970கள்லயே யூனிக்ஸ்ல 'வால்'னு ஒரு கட்டளை உண்டு. லாகின் ஆகியிருக்கிற எல்லார் திரையிலும் ஒரே நேரத்துல செய்தி வந்து விழும். விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பியில 'நெட் செண்ட்'. சீனியர்கள்கிட்ட கேட்டா கல்லூரி லேப்ல அதை வச்சுப் பண்ணின சேட்டையெல்லாம் சொல்லுவாங்க. விளம்பரக் கும்பல் அதுக்குள்ள புகுந்து பாப்அப்பா அனுப்ப ஆரம்பிச்சதும், 2004 ஆகஸ்ட்ல வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அந்தச் சேவையை அணைச்சு வச்சிடுச்சு. விஸ்டாவுல ஆளே காணோம்.

ஆனா யோசனை சாகல. பிரிட்டன்ல குடும்ப டாக்டர்கள் நோயாளி விவரம் பதியற சாஃப்ட்வேர்லயே பேனிக் பட்டன் உண்டு. டாக்டர் தட்டினா, அந்த கிளினிக்ல இருக்கிற மத்த கம்ப்யூட்டர்கள்ல எல்லாம் எச்சரிக்கை வரும். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு டாக்டர் ஏதோ டைப் அடிக்கிற மாதிரிதான் தெரியும். கால் பட்டனோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம்.

நம்ம ஊர்ல இதைத் தெருவை நினைச்சுத்தான் செஞ்சோம். 2012 டெல்லி கொடுமைக்கு அப்புறம், 2016ல மத்திய அரசு விதி போட்டு, 2017 ஜனவரி 1 முதல் விக்கிற எல்லா செல்போன்லயும் பேனிக் பட்டன் கட்டாயம்னாங்க. சாதா போன்ல 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்கணும். தமிழ்நாடு போலீஸ் 2018ல காவலன் செயலியும் 2022ல காவல் உதவி செயலியும் விட்டாங்க. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா அந்தத் தகவல் கன்ட்ரோல் ரூம் போயி, ரோந்து வண்டி கிளம்பி, ஆஸ்பத்திரி மூணாவது மாடி ஏறி வரணும். பக்கத்து ரூம்ல இருக்கிறவருக்குப் பத்து அடி தூரம்.

2024 ஆகஸ்ட்ல கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில பயிற்சி டாக்டர் கொல்லப்பட்டதும் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைச்சது. அதே நவம்பர் 13ம் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில, பட்டப்பகல்ல, வெளிநோயாளி பிரிவுல ஒரு புற்றுநோய் டாக்டர் கத்தியால குத்தப்பட்டார். நல்லவேளை, பிழைச்சுட்டார். மருத்துவப் பணியாளர் மேல கை வச்சா தண்டனைன்னு 2008லயே இங்க சட்டம் இருக்கு. அதுவும் புகார் மணி வகைதான்.

பெரியம்மா பொண்ணு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். போன வாரம் திருப்பரங்குன்றம் வீட்டுக்கு வந்தப்ப, "நைட் ட்யூட்டில யாராவது குடிச்சுட்டு வந்து கலாட்டா பண்ணினா என்னக்கா செய்வீங்க?"ன்னு கேட்டேன். "வாட்ச்மேன் அண்ணனைக் கத்திக் கூப்பிடுவோம். அவர் கீழ கேட்ல இருப்பாருடா"ன்னாங்க. செல்போன் லாக்கர்ல. ஆனா வார்டு மேஜையில கம்ப்யூட்டர் ராத்திரி பூரா ஓடிக்கிட்டுத்தான் இருக்காம், பில் போட.

ஒரு ஷார்ட்கட் கீ, உள் நெட்வொர்க்ல ஒரு செய்தி. நெட் செண்ட் காலத்து வேலை, ரெண்டு நாள்ல எழுதிடலாம். அக்கா கேட்ட கேள்விதான் இடிக்குது. "நான் தட்டுறேன் சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரீன் முன்னாடி யாருடா இருப்பா?" ஸ்க்ரீன் லாக் ஆகியிருந்தா செய்தி தெரியாது. அதனால வாட்ச்மேன் கேபின்ல ஒரு மணியையும் சேர்த்து இணைக்கணும். வாரம் ஒருதரம் தட்டிச் சோதிக்கணும். அதுக்கு ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும்.

உங்க ஆபீஸ்ல, ஆஸ்பத்திரில இப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க. அடிச்சா யார் வர்றாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.