பொலித்தீன் பைக்குள் ஒரு வரலாறு: வன்னி மாரியும் சின்னப் பிள்ளைகளும்

'இலையுதிர்காலம்' என்ற சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் படிச்சம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒக்டோபரில் மஞ்சளும் சிவப்புமாய் மரங்களின் படம் அனுப்புவினம். அதே மாதத்தில் வன்னியில் நடப்பது நேர்மாறானது. ஆவணி வரைக்கும் காய்ஞ்சு கிடந்த பற்றைகள் முதல் மழையோடு துளிர்க்கும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடிக்கும். எங்களுக்கு அது மாரி. ஆண்டு மழையின் பெரும்பங்கு தை பிறக்கிறதுக்கு முன்னமே கொட்டி முடிஞ்சிடும்.

வன்னியின் அண்மைக்கால வரலாற்றைப் படை நடவடிக்கைகளின் திகதிகளாய்த்தான் எங்களுக்குத் தெரியும். அந்தத் திகதிகளை மாரியோடு சேர்த்து வைச்சுப் பார்த்தால் ஒரு விசயம் பிடிபடும். பெரிய இடப்பெயர்வுகள் பல, விதைப்பு மாதங்களில் நடந்திருக்கின்றன. 1995 ஒக்டோபர், 1996 செப்டெம்பர், 2008 செப்டெம்பர் தொடக்கம் டிசெம்பர் வரை. கையில் சின்னப் பிள்ளை இருந்த ஒரு வீட்டுக்கு இதன் அர்த்தம் என்ன என்பதுதான் எங்கட கேள்வி.

முதலில், சாதாரண மாரியைப் பார்ப்போம். 1920 அளவில் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தை நம்பி, 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்கள் காடு வெட்டி வந்திருந்தன. பிறகு 1958, 1977 வன்செயல்களுக்குத் தப்பி மலையகக் குடும்பங்களும் வந்தன. எங்கிருந்து வந்தாலும் எல்லா வீட்டுக்கும் மாரி ஒரே மாதிரித்தான். மழைக்கு முன்னம் புழுதி விதைப்பு, முளைச்ச பிறகு களை, இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல். அம்மாவுக்கும் வயலில் வேலை. பிள்ளை வரம்போரத்து மரத்தில் கட்டின ஏணையில் கிடக்கும், இல்லாட்டி அம்மம்மாவோட கொட்டிலில் நிற்கும்.

வேலை கூடின அதே மாதங்களில்தான் பிள்ளைக்கு வருத்தமும் கூடும். தடிமன், இருமல், வயிற்றோட்டம். இதுக்கு மேல மலேரியா. மழை விட்டு நீர் தேங்கி நிற்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் அதுக்கு உச்சக் காலம். கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறதும், வேப்பிலைப் புகை போடுறதும், ஈரச் சீலையை அடுப்புக்கு மேல கட்டிக் காய வைக்கிறதும் அந்த மாதங்களில் அன்றாட வேலை. நெல்லுப் பெட்டியில் போன வருச நெல்லும் அடியில் இருக்கும். தையில் புது நெல் வரும்வரை இழுத்துப் பிடிக்க வேணும். அதாவது, சமாதானமான ஆண்டிலும் மாரி ஒரு நெருக்கடியான காலம். அதை எல்லாரும் தாங்கினது, அறுவடை வரும் என்ற நம்பிக்கையில்.

போர் அறுத்தது அந்த நம்பிக்கையைத்தான். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. கிட்டத்தட்ட 5 இலட்சம் சனம் மழைக்குள்ள தென்மராட்சிக்கு நடந்தது. பிறகு பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தார்கள். அடுத்த வருசம் செப்டெம்பர் கடைசியில், 'சத்ஜய' நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் ஓடியது. வயலை உழுது, விதைநெல்லையும் எடுத்து வைச்சிருந்த நேரம் அது.

விதைக்காமல் ஓடின குடும்பத்துக்குத் தையில் நெல் இல்லை. மாட்டுக்கு வைக்கோல் இல்லை. மாட்டைக் கொண்டுவர முடியாமல் விட்டிருந்தால் பாலும் இல்லை. ஒரு நாளில் நடந்த இடப்பெயர்வு, அடுத்த ஒரு வருசத்துக்குப் பிள்ளையின் கோப்பையில் தெரிஞ்சது. இதுக்கு மேல 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை. எரிபொருள், பசளை, பற்றரி எல்லாம் தடை. மருந்து அளந்து அளந்துதான் வந்தது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சுத் திரி ஏற்றி, அந்தச் சின்ன வெளிச்சத்தில் பிள்ளைகள் படிச்சினம். இலங்கையில் 1999இல் மட்டும் 2.5 இலட்சத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவானார்கள். அதில் பெரும்பகுதி வடக்குக் கிழக்கு. நாட்டில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவிச்சது. எங்களுக்கு இளைய பிள்ளைகளுக்கு அது கேள்விப்பட்ட வருத்தம் மட்டுமே. எங்கட அம்மாக்களுக்கு அது ஒவ்வொரு மார்கழியும் வீட்டுக்கு வந்த ஒன்று.

2008 எங்கட வயது ஆக்களின் கதை. இப்ப பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்களில் கனபேருக்கு அப்ப மூன்று, நாலு வயது. விஜயதசமிக்கு ஏடு தொடக்க வேண்டிய வயது. செப்டெம்பர் நடுப்பகுதியில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. ஒக்டோபர் முதல் வாரத்தில், நவராத்திரி நாட்களில், உலக உணவுத் திட்டத்தின் முதல் லொறித் தொடரணி வன்னிக்குள்ள வந்தது. ஏடு தொடக்குறதுக்குத் தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடிச்சு 'அ' எழுதுவிக்கிறது எங்கட வழக்கம். அந்த வருசம் சில வீடுகளில் தட்டில் பரப்பினது நிவாரண அரிசி. எழுதி முடிய அதே அரிசி உலைக்குப் போனது என்று அம்மாக்கள் சொல்லுவினம். பூசையைக் கைவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நவம்பர் 25, 26 அளவில் 'நிஷா' புயல் மழை. தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாள் கொட்டில்களுக்குள்ள வெள்ளம். செல்லுக்குப் பயந்து வெட்டின பதுங்குகுழி மழைத் தண்ணியால் நிரம்பியிருக்கும். மேலே நின்றால் ஒரு பயம், உள்ளே இறங்கினால் இன்னொரு பயம். ஒரு தாய் ஒரு நாளில் எத்தனை முடிவு எடுத்திருப்பா என்பதை எந்தப் போர் வரலாறும் கணக்கிடவில்லை.

2009இல் உயிர் தப்பினவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள். முகாமின் வலயங்களுக்கு ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயர். எங்களில் சிலர் அந்தப் பெயர்களைப் படிச்சது வரலாற்றுப் பாடத்தில் இல்லை, விலாசமாய்த்தான் படிச்சம். ஒக்டோபர் கடைசியில் மீள்குடியேற்றம் வேகம் பிடிச்சது. திரும்பவும் மாரி. காணி பற்றை மூடிக் கிடந்தது, மிதிவெடி பயம் வேறு. முகாம் முழுசாய் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

அதுக்குப் பிறகும் மாரி லேசாய் விடவில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் பிள்ளைகளோட பள்ளிக்கூடங்களில் தங்கின. 2021இல் இரசாயனப் பசளைத் தடையால் பெரும்போகம் அடிபட்டது. அதே ஒக்டோபரில் பால்மாவின் கட்டுப்பாட்டு விலை நீங்கி விலை ஏறியது. குண்டு விழவில்லை; ஆனால் நெல்லும் பாலும் ஒன்றாய்க் குறைகிற அந்தப் பழைய கணக்கு மாறவில்லை.

இதையெல்லாம் எழுத ஆதாரம் எங்கே என்று வரலாறு படிக்கிற நாங்கள் கேட்க வேண்டியிருக்கு. கச்சேரிக் கோப்புகள் கனக்க அழிஞ்சு போயிற்று. ஆனால் வன்னியில் அனேக வீடுகளில் ஒரு பொலித்தீன் பை இருக்கு. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி. நகையை விற்றவர்களும், வீட்டை விட்டவர்களும் கடைசி வரை விடாமல் கொண்டு திரிஞ்சது அந்தப் பையை. காணிப் பத்திரத்தைப் பார்த்தால், பெற்றோர் யாரையும் நியமிக்காமல் செத்துப்போனால் மகளை விட மகனுக்கே முதலிடம் குடுத்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் தெரியும். அது 2022இல்தான் திருத்தப்பட்டது. கிளினிக் கொப்பியில், மாதா மாதம் நிறுத்துப் போட்ட புள்ளிகளைச் சேர்த்த ஒரு கோடு இருக்கும். நிறுக்க முடியாமல் போன மாதங்கள் வெறுமையாய்க் கிடக்கும். கோடு விட்டுப்போன இடமும் ஒரு ஆதாரம்தான்.

அந்தப் பைகளில் உள்ள தாள்கள் இப்ப மங்கிக்கொண்டு வருது. பையைக் காத்த அம்மம்மாக்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கினம். இந்த மாரி விடுமுறையில் வீட்டுக்குப் போறவர்கள் அந்தப் பையைக் கேட்டுப் பாருங்கோ. அவை சம்மதிச்சால் படம் எடுங்கோ. எந்த மாரி, எந்த ஊர், என்ன சாப்பிட்டம், யார் தூக்கினது என்று பக்கத்தில் எழுதி வையுங்கோ.