பெயரின்றி எண்ணாக நின்றவர்கள்



நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நெருங்கி வருகிறது. அன்று உலகின் பல திருச்சபைகளில் ஆராதனையின் நடுவே இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படும். போரில் மாண்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். சிவந்த பாப்பி மலர்வளையம் வைக்கப்படும். அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதையும், அதில் யாருடைய பெயர் வாசிக்கப்படாமலே போயிற்று என்பதையும் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டு அதே நாளில், அதே வேளையில், பேரரசு முழுவதும் தன் வேலையை நிறுத்தி அசையாமல் நிற்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவர் தென்னாப்பிரிக்காவின் சர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக். போரின் கடைசி ஆண்டில் கேப் டவுன் நகரம் நண்பகல் பீரங்கி முழங்கியதும் அப்படியே நின்று மௌனம் காத்ததை அவர் அறிந்திருந்தார். அவருடைய மகன் 1917 டிசம்பரில் பிரான்சு நாட்டில் மாண்டிருந்தான். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அந்த யோசனையை ஏற்று 1919 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வெளியிட்டார். பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளின் வேலை தடைபடலாகாது என்று இந்த நினைவுகூரல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு அது ஆலயத்தின் நாட்காட்டியிலும் இடம்பெற்றது.

ஆனால் என் மனம் அதிகமாய் நின்று நிதானிப்பது வேறொரு நிகழ்வில். டேவிட் ரெயில்ட்டன் என்னும் போதகர் அப்போரில் படைப் போதகராகப் பணியாற்றினார். 1916ஆம் ஆண்டில் ஒரு மாலை, போர்வீரன் ஒருவனை அடக்கம் செய்துவிட்டு, ஆர்மென்டியேர் நகருக்கு அருகில் தாம் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். அவ்வீட்டுத் தோட்டத்தில் ஒரு கல்லறை இருந்தது. அதன் தலைமாட்டில் முரட்டு மரத்தாலான வெள்ளைச் சிலுவை ஒன்று. பெயர் தெரியாத பிரிட்டானியப் படைவீரன் என்று அதில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அவன் யார்? எந்தத் தாயின் மகன்? அடக்க ஆராதனை நடத்திய கைகளோடு அந்தச் சிலுவையின் முன் நின்ற போதகருக்கு அக்கேள்வி தீராத பாரமாயிற்று.

போர் முடிந்து மார்கேட் ஊரில் சபைப் பொறுப்பேற்ற பின்னும் அவர் அதை மறக்கவில்லை. 1920ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு ஹெர்பர்ட் ரைல் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். பெயர் தெரியாத ஒரு வீரனின் உடலைக் கொண்டுவந்து அரசர்களின் கல்லறைகளுக்கு நடுவே அடக்கம் செய்ய வேண்டும் என்பதே விண்ணப்பம். போர்முனைகள் பலவற்றிலிருந்து அடையாளம் தெரியாத உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. எது எங்கிருந்து வந்தது என்று அறியாத ஒரு தளபதி அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று அவ்வுடல் வெஸ்ட்மின்ஸ்டரில் வைக்கப்பட்டது. பிரான்சு நாட்டு மண்ணால் குழி மூடப்பட்டது. பெட்டியின்மேல் போர்த்தப்பட்டிருந்த கொடி, போர்முனையில் ரெயில்ட்டன் திருவிருந்து மேசைக்கு விரிப்பாகவும், இறந்தவர்களுக்குப் போர்வையாகவும் பயன்படுத்திய அதே கொடி.

அந்த ஆராதனையில் முதன்மை விருந்தினராய் அமர்ந்தவர்களுள், கணவனையும் பெற்ற பிள்ளைகள் எல்லாரையும் போரில் பறிகொடுத்த ஏறத்தாழ நூறு பெண்களும் இருந்தார்கள். அரச மரியாதைகளும் அணிவகுப்புகளும் துக்கத்தை ஆற்றும் என்று நான் எண்ணுகிறவன் அல்லன். இங்கே மட்டும் அது வேறாயிருந்தது. பெட்டிக்குள் இருப்பவன் யாரென்று எவருக்கும் தெரியாததால், உடல் கிடைக்காத ஒவ்வொரு தாயும், இவன் என் மகனாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ள முடிந்தது. அங்கே பெயரில்லாமை ஒருவரையும் விலக்கிவைக்கவில்லை.

பெயருள்ளவர்களுக்கோ வேறொரு ஏற்பாடு இருந்தது. 1917 மே மாதத்தில் அரச சாசனத்தின் மூலம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்து உழைத்தவர் ஃபேபியன் வேர். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல். பதவி, இனம், மதம் என்னும் வேறுபாடு கூடாது. வசதியுள்ள குடும்பம் மட்டும் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. இதை எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. மூன்று மகன்களை இழந்த எக்சிட்டர் பேராயரின் மனைவி, கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வைக்க இடங்கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்தோடு மன்றாடினார். 1920 மே மாதம் பாராளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. முடிவில் சமத்துவமே நிலைபெற்றது. அந்தத் தாயின் கண்ணீரை மதித்துக்கொண்டே, ஆணையத்தின் முடிவு சரியானது என்று சொல்லத் துணிகிறேன்.

ஆயினும், பிரியமானவர்களே, அந்த வாக்கு எங்கும் ஒன்றுபோலக் காக்கப்பட்டதா? பிரான்சில் நெவ் ஷபெல் என்னுமிடத்தில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1929இல், இன்றைய ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் திறக்கப்பட்டது. மெசப்பத்தோமியாப் போரில் மாண்டு, கல்லறை அறியப்படாமற்போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர். நம் மதராஸ் சாப்பர்ஸ் படையும் அந்த மண்ணில் போரிட்டது. அங்கே பிரிட்டானியரின் பெயர்கள் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற எண் மட்டுமே உண்டு. ஒரே படை, ஒரே போர். ஐரோப்பாவில் விழுந்தவனுக்குப் பெயர். ஆசியாவில் விழுந்தவனுக்கு எண்.

போருக்குப் புறப்படத்தக்கவர்களைக் கணக்கெடுத்ததால் எண்ணாகமம் என்றே பெயர்பெற்ற ஆகமத்தைத் திறந்து பாருங்கள். அதன் முதல் அதிகாரத்தில்கூட அவர்கள் தலை தலையாக, பெயர் பெயராகவே எண்ணப்பட்டார்கள்.

2021 ஏப்ரலில் அதே ஆணையம் தன் கடந்தகாலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. அக்காலத்து ஆட்சியாளரின் இனப்பாகுபாட்டு மனப்பான்மையை அறிக்கை மறைக்கவில்லை. ஆணையமும் பிரிட்டானிய அரசும் மன்னிப்புக் கேட்டன. நூறாண்டு தாமதமான அறிக்கைதான். எனினும் பாவத்தை மூடாமல் அறிக்கையிடுவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்கள் அதை இலேசாக எண்ண மாட்டோம்.

இவ்வகை மக்களுக்குத் தனிக் கல்லின் அருமை புரியாது என்று அந்நாட்களில் ஆப்பிரிக்கரைக் குறித்து அதிகாரிகள் எழுதினார்கள். அதே அலட்சியத்தின் நிழல் நம்மவர்மேலும் விழுந்தது. நமக்கா கல்லின் அருமை தெரியாது! வீரனுக்குக் கல் எடுக்கும் முறைகளைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துக் கூறுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

போர்க் கல்லறைகளில் வைக்கப்படும் நினைவுக்கல்லுக்கு, அவர்களுடைய பெயர் என்றென்றும் நிலைத்திருக்கும் என்னும் பொருள்பட ஒரு வாசகத்தைத் தெரிந்துகொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். அவரும் 1915இல் தம் ஒரே மகனைப் போரில் இழந்தவர். அவ்வாசகம் நம் சபைகள் பயன்படுத்தும் வேதாகமத்தில் இல்லாத, தள்ளுபடியாகமங்களில் ஒன்றாகிய சீராக்கின் 44ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில், அதற்கு ஐந்து வசனங்களுக்கு முன்னால், நினைவுச்சின்னம் ஏதுமின்றிப் பிறவாதவர்களைப்போல் மறைந்துபோனவர்களைப் பற்றியும் கூறப்பட்டுள்ளது. அந்த வசனத்தைக் கல்லில் பொறிக்க யாரும் எண்ணவில்லை.

நம் நாட்டின் பல கிராமங்களிலும் இந்தப் போரை நினைவூட்டும் சிறு கற்பலகைகள் இன்றும் இருக்கின்றன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள் என்பதே அவற்றின் செய்தி. அங்கும் எண்தான். நீங்கள் அப்படியொன்றைக் கடந்து சென்றிருக்கலாம். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. நம் சபைக் குடும்பங்களில் சிலருடைய பாட்டனார்களின் தந்தையர் இப்படிப்பட்ட படைகளில் இருந்திருக்கக்கூடும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அப்போரில் பணியாற்றிய சிப்பாய்களுக்கு, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதனும் உள்ள வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன் விளிம்பில் படை எண்ணோடும் பிரிவோடும் அவனுடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய டிரங்குப் பெட்டிகளில், பாட்டிமாரின் நகைப் பேழைகளில் தேடிப் பாருங்கள். அப்படியொன்று கிடைத்தால், விளிம்பை மெதுவாகத் துடைத்து, கண்ணாடி கொண்டு வாசித்து, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி ஞாயிறு ஆராதனைக்கு முன் என்னிடம் தாருங்கள். மௌனத்துக்கு முன்பாக அதை வாசிப்போம்.